பேருந்தில் தொலைந்த ‘ஆம்’

பிலிப்பியின் இடிபாடுகளுக்கு நடுவே சரிவான ஓர் இடத்தில் சின்னதாய் ஒரு கல் அறை இருக்கிறது. குனிந்து எட்டிப் பார்த்தால் இருட்டு. சுவரில் மங்கிய வண்ணத்தின் மிச்சம். அதன் முன்னால் நின்று கிரேக்க வழிகாட்டி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னார். பவுலும் சீலாவும் இங்கே அடைக்கப்பட்டிருந்ததாக வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள் என்பது முதல் வாக்கியம். இது ரோமானியர் காலத்துத் தண்ணீர்த் தொட்டியாக இருந்திருக்க வேண்டும் என்றே தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள் என்பது இரண்டாவது. எங்களோடு வந்த போதகர் அதைத் தமிழில் ஒரே வாக்கியமாக்கினார்: “பவுலும் சீலாவும் கிடந்த சிறைச்சாலை இதுதான்.” நாற்பது பேரும் கண்ணை மூடி ஜெபித்தோம். அடுத்த குழு பின்னால் காத்து நின்றது.

அந்த மொழிபெயர்ப்பில் விழுந்துபோனது ஒரே ஒரு விகுதி. ‘கிடந்தார்கள்’ என்பதற்கும் ‘கிடந்தார்களாம்’ என்பதற்கும் இடையே உள்ள ‘ஆம்’. ஆங்கிலத்தில் ஒரு தொடர் முழுக்கச் செலவழித்துச் சொல்ல வேண்டியதைத் தமிழ் ஓர் அசையில் சொல்லிவிடும். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், பொய் என்றும் சொல்லவில்லை என்ற மூன்றும் அதற்குள் அடக்கம். எங்கள் ஊரான திருவேங்கடம் பக்கம் எந்தக் கோயிலைப் பற்றி, எந்தக் குளத்தைப் பற்றிக் கேட்டாலும் பெரியவர்கள் “அப்பிடித்தான் சொல்லுதாக” என்று முடிப்பார்கள். அந்த முடிப்பினால் யாருடைய பக்தியும் குறைந்ததில்லை. ஊரில் இவ்வளவு இயல்பாகப் புழங்கும் அந்த விகுதியை விமானம் ஏறியதும் நாம் ஏன் கைவிடுகிறோம் என்பதே இந்தப் பயணங்களைப் பற்றி எனக்குள்ள முதல் கேள்வி.

தென் மாவட்டங்களில் இந்தப் புனிதப் பயணம் இன்று வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், வளைகுடாவில் பிள்ளைகள் வேலைபார்க்கும் பெற்றோர், சேகரத்துக்குச் சேகரம் சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தவர்கள் எல்லாரும் போகிறார்கள். ஜெருசலேம் செல்லும் கிறிஸ்தவர்களுக்குத் தமிழக அரசு 2011-12 முதல் நிதியுதவி தருகிறது. முதலில் 20,000 ரூபாய், பிறகு 37,000, கன்னியாஸ்திரிகளுக்கு 60,000. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கியதிலிருந்து அந்தப் பயணங்கள் அடிக்கடி தடைபட்டன. ‘பவுலின் அடிச்சுவட்டில்’ என்றும் ‘ஏழு சபைகள்’ என்றும் பெயரிட்ட கிரீஸ், துருக்கிப் பயணங்களும் இருக்கின்றன. தெசலோனிக்கேயில் இறங்கி பிலிப்பி, பெரோயா, அத்தேனே, கொரிந்து பார்த்து, சிலர் அப்படியே கடல் தாண்டிப் பத்மு தீவுக்கும் எபேசுவுக்கும் போய்த் திரும்புவார்கள். பத்து நாள். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.

அந்தச் செலவு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வேதாகமத்தில் வரும் ஊர்ப்பெயர்கள் நமக்குச் சிறுவயதிலிருந்தே பாடம். ஆனால் அவை வெறும் பெயர்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே தூரம் கிடையாது, ஏற்றம் கிடையாது, வெயில் கிடையாது. இன்று கவாலா எனப்படும் நெயாப்போலி துறைமுகத்திலிருந்து பிலிப்பிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு நடப்பதைவிடச் சற்றுக் குறைவு. இடையில் ஒரு மலைமுகடு. ரோமானியர் போட்ட எக்னாத்தியா பெருவழியின் கற்பாளங்கள் பிலிப்பியில் இன்றும் தெரிகின்றன. அவற்றின் மேல் கால் வைத்த பிறகு அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தை முன்போல் வாசிக்க முடியாது. கால் அதை வேறுமாதிரி வாசிக்கும்.

இதை உணர்வதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனித் தகுதியே உண்டு. மிஷனரி ரேக்லண்ட் ஐயர் 1854-இல் தொடங்கி வட திருநெல்வேலிக் கரிசல் காட்டில் கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்து, 1858-இல் சிவகாசியில் இறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்துப் பதவியில் இருந்த மனிதர். ஒரே ஊரில் தங்கிச் சபையை நடத்துவதற்கும், இன்று இங்கே நாளை அங்கே என்று அலைவதற்கும் உள்ள வேறுபாடு அவர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கூடாரம் செய்யும் தொழிலாளியான பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருடம் தங்கியதன் பொருளும் அவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

பிலிப்பிக்குப் பக்கத்து ஆற்றங்கரையில், லீதியாள் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லும் இடத்தில், எங்கள் குழுவில் தவணைக்குச் சேலை விற்கும் ஓர் அக்கா இருந்தார். லீதியாள் விற்ற இரத்தாம்பரம் என்றால் என்ன என்று வழிகாட்டி விளக்கினார்: விலையுயர்ந்த ஊதா நிறச் சாயமும் அதில் தோய்த்த துணியும். லீதியாளின் சொந்த ஊரான தியத்தீரா இன்றைய துருக்கியில் இருக்கிறது. அங்கே சாயத்தொழிலாளர் சங்கம் இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு. அக்கா கேட்டுவிட்டு, “அப்ப நம்மளப்போல அயலூருல வந்து துணி யாவாரம் பண்ணுன பொம்பளதானா” என்றார். இத்தனை வருட ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் லீதியாள் ‘கர்த்தர் இருதயத்தைத் திறந்தருளியவள்’ மட்டுமே. அன்றைக்கு அவள் வரவுசெலவு பார்க்கிற, பலரை வீட்டில் தங்கவைக்கும் வசதியுள்ள ஒரு வியாபாரி ஆனாள். சுற்றுலா தரக்கூடிய மிகச் சிறந்த பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அது அந்த இடத்தின் புனிதத்தால் நடக்கவில்லை. வழிகாட்டி சாயத்தைப் பற்றிச் சொன்னதால் நடந்தது.

கொரிந்துவிலும் இப்படி ஒன்று. முதல் நூற்றாண்டில் கோயில் கட்டிக் கூடிய சபை எதுவும் அங்கே இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள். அங்கே அகழ்ந்தெடுத்த ரோமானிய வீடுகளின் கூடத்தையும் முற்றத்தையும் அளந்த அறிஞர்கள், நாற்பது ஐம்பது பேருக்கு மேல் ஒரே வீட்டில் கூடியிருக்க முடியாது என்று கணக்குச் சொல்கிறார்கள். எங்கள் பேருந்தில் வந்த கூட்டம் அவ்வளவுதான். இவ்வளவு பேருக்குள்தானா இத்தனை கட்சி, இத்தனை வழக்கு என்று எண்ணிப் பார்க்கும்போது கொரிந்தியருக்கு எழுதிய நிருபங்களின் தொனியே மாறுகிறது. திரையரங்கின் அருகே கல்தளத்தில் ஏரஸ்து என்ற பெயர் பொறித்த கல்வெட்டு உண்டு, 1929-இல் கிடைத்தது. பதவி பெற்றதற்கு ஈடாகச் சொந்தச் செலவில் தளம் போட்டுக்கொடுத்தவன் அவன். பவுல் குறிப்பிடும் பட்டணத்து உக்கிராணக்காரன் இவன்தானா என்பதில் அறிஞர்கள் இன்னும் இரண்டு கட்சி. அந்த விவாதத்தைக் கேட்கவே அவ்வளவு தூரம் போகலாம். எங்கள் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

குறைகளில் சில, பேசித் தீர்க்கக்கூடிய சில்லறைக் குறைகள். எபேசு இடிபாடுகளுக்கு இரண்டு மணி நேரம், தோல் ஆடைக் கடைக்கு ஒன்றரை மணி நேரம் என்ற கணக்கு. மார்ஸ் மேடையின் வழுக்குப் பாறையில் எழுபது வயதுக்காரர்களை உச்சி வெயிலில் ஏற்றுவது. ஏற்பாட்டாளர்களிடம் முன்கூட்டியே கண்டிப்பாகப் பேசினால் இவை சரியாகும்.

ஆழமான குறை அந்த ‘ஆம்’தான். இது நம் போதகர்கள் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. இரண்டாம் நூற்றாண்டில் கிரீஸ் முழுக்கச் சுற்றி எழுதிய பௌசானியாஸ், ஆர்கோஸ் ஊர் வழிகாட்டிகள் தாங்கள் சொல்வது எல்லாம் சரியல்ல என்று தெரிந்தே சொல்வதாகக் குறைப்பட்டிருக்கிறார். நான்காம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து திருநாட்டுக்கு வந்த எகேரியா என்ற பெண்மணி, துறவிகள் காட்டிய ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்குரிய வேதப்பகுதியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஜெபித்து நகர்ந்தார். இன்றைய பேருந்தும் அதே முறையில்தான் ஓடுகிறது. பதினாறு நூற்றாண்டுப் பழக்கம் என்பது மதிப்புக்குரியது. பிலிப்பித் தொட்டி சிறைச்சாலை ஆனதே அந்தப் பக்தியின் சரித்திரம். அதைச் சரித்திரமாகச் சொல்லியிருந்தால் தொட்டி இன்னும் அழகாயிருக்கும்: சிறை எங்கே என்று தெரியாமல் போன பின்னும் அதை எங்காவது வைத்து நினைக்க வேண்டும் என்று தவித்த மனிதர்களின் இடம் அது.

எபேசுவில் செல்சுஸ் நூலகத்தின் முன் நின்று, “பவுல் தினமும் இதைக் கடந்து போயிருப்பார்” என்றார் ஒருவர். அந்த நூலகம் பவுல் எபேசுவில் இருந்ததற்கு அரை நூற்றாண்டுக்கும் பின்னர் கட்டப்பட்டது. இன்று நாம் பார்க்கும் முகப்பு 1970-களில் மறுபடி எடுத்து நிறுத்தப்பட்டது. இதைச் சொன்னால் யாருடைய விசுவாசம் உடைந்துவிடும்? திருவேங்கடத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத வெம்பக்கோட்டையில் 2022 முதல் குழி வெட்டிச் சங்கு வளையலும் சுடுமண் பொம்மையும் எடுப்பதை எங்கள் பிள்ளைகள் நேரில் பார்த்திருக்கிறார்கள். மண்ணடுக்கு என்றால் என்ன, மேலே கிடைப்பது பிந்தியது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை மதித்துப் பேசும் வழிகாட்டலே அவர்களுக்குப் பொருந்தும்.

இரண்டாவது குறை இதைவிட எனக்கு வலிப்பது. பயணத் திட்டத்தில் ‘கிறிஸ்தவ இடங்கள்’ ஒரு பக்கம், ‘பழைய கிரேக்க இடங்கள்’ இன்னொரு பக்கம். முதலாவது ஜெபத்துக்கு, இரண்டாவது போட்டோவுக்கு. தெல்பிக்கு நேரமிருந்தால் போகலாம். அது அப்பொல்லோவின் கோயில், குறி சொன்ன இடம், நமக்கு எதற்கு என்ற தயக்கம் வேறு. ஆனால் பிலிப்பியில் பவுலின் பின்னால் கத்திக்கொண்டு வந்த அடிமைப் பெண்ணைப் பற்றித் தமிழ் வேதாகமம் ‘குறிசொல்ல ஏவுகிற ஆவி’ என்கிறபோது, கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் ‘பீத்தோன்’. தெல்பியின் பாம்பு அது. அங்கே குறி சொன்னவளுக்கு வழங்கிய பித்தியா என்ற பெயரும் அதே சொல்லோடு உறவுடையது. தெல்பி புரியாமல் பிலிப்பி பாதிதான் புரியும். குறி கேட்கப் போவதையும், அந்த வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதையும் கண்ணால் பார்த்திருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு, ஐரோப்பியப் பயணி எவரையும்விட அந்தப் பெண் நெருக்கமானவள். அவளுடைய எஜமான்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பவுலின் வாழ்க்கையைக் காலத்தில் நிறுத்தும் மிக உறுதியான சான்றும் தெல்பியில்தான் கிடைத்தது. கிலவுதியு ராயன் எழுதிய கடிதம் ஒன்றைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். ஒன்பது உடைந்த துண்டுகளாக இன்று இருக்கிறது. அதில் கல்லியோனின் பெயர் வருகிறது. தத்துவஞானி செனெக்காவின் அண்ணன். கொரிந்துவின் நியாயாசனத்தில் உட்கார்ந்து பவுலின் மேல் வந்த வழக்கைத் தள்ளிவிட்ட அகாயா நாட்டு அதிபதி. கடிதத்தில் உள்ள பட்டங்களைக் கொண்டு அவன் பதவிக்காலம் கி.பி. 51-52 வாக்கில் என்று கணக்கிடுகிறார்கள். பவுலின் பயணங்களுக்கும் நிருபங்களுக்கும் நாம் போடும் ஆண்டுகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்து முன்னும் பின்னும் எண்ணிப் போட்டவை. இங்கே ‘ஆம்’ வேண்டியதே இல்லை.

மூன்றாவது, உயிரோடு இருப்பவர்களைப் பற்றியது. தெசலோனிக்கேயில் ஞாயிறு காலை எங்கள் குழு விடுதி அரங்கில் தமிழில் ஆராதனை நடத்தியது. நல்ல ஆராதனை. ஆனால் தெருவுக்குத் தெரு திறந்திருக்கும் கிரேக்கத் திருச்சபைகளில் அதே நேரத்தில் நிருபம் வாசிக்கிறார்கள், பவுல் எழுதிய அதே கிரேக்கத்தில். படங்களை முத்தமிடுகிறார்கள், நமக்கு ஒவ்வாது என்று எவரையும் உள்ளே அழைத்துப் போகவில்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய நிருபத்தை நம்பி வந்தவர்கள் தெசலோனிக்கேயரைப் பார்க்காமல் திரும்பினோம்.

துருக்கியில் இது இன்னும் கடுமை. ஏழு சபைகளின் இடிபாடுகளில் வழக்கமாக ஒரு பிரசங்கம் உண்டு: கீழ்ப்படியாததால் விளக்குத்தண்டு நீக்கப்பட்டது, பாருங்கள் வெறும் கல். வெளிப்படுத்தின விசேஷத்தில் கண்டிக்கப்படாத சபைகள் இரண்டு, சிமிர்னாவும் பிலதெல்பியாவும். பிலதெல்பியா இருந்த அலாஷெஹிரில் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் 1922 வரை வாழ்ந்தார்கள். போரும், 1923-இன் லோசான் உடன்படிக்கையும் ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்களை அந்த மண்ணைவிட்டு கிரீஸுக்கு அனுப்பின. கிரீஸிலிருந்து சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் எதிர்த்திசையில் போனார்கள். பாராட்டப்பட்ட சபையும் கண்டிக்கப்பட்ட சபையும் ஒன்றாகவே வேரறுந்தன. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அகதிகளாகப் போனவர்களின் காலி வீட்டைக் காட்டி, இது அவர்கள் பாவத்தின் பலன் என்று சொல்வது நியாயமல்ல. அவர்கள் இல்லாத இடத்தில் சொல்வது அதைவிட அநியாயம்.

போதகர்களைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமல்ல. கிரீஸில் உரிமம் பெற்ற வழிகாட்டிதான் விளக்கம் சொல்ல முடியும். பல வருடம் படித்துத் தேர்வு எழுதியவர்கள். அவர் பத்து நிமிடம் பேசுவதைப் போதகர் வெயிலில் நின்று மூன்று நிமிடத்தில் தமிழாக்க வேண்டும். இடையில் ஒருவருக்குத் தலைசுற்றல், இன்னொருவரின் பாஸ்போர்ட்டைக் காணோம். இவ்வளவையும் தாங்கும் ஒருவர் முதலில் கைவிடுவது ஐயத்தைக் குறிக்கும் சொற்களைத்தான். அதனால் தீர்வும் அவர் தலைமேல் இல்லை. கிளம்புவதற்கு முன் சேகரத்திலேயே நான்கு மாலை உட்கார்ந்து வரைபடமும் நடபடிகளும் படிக்கலாம். ஊரில் ஒரு வரலாற்று ஆசிரியர் இல்லாமலா போவார்? அவரைக் கூட்டிவந்து கல்வெட்டைப் பற்றிப் பேசவைக்கலாம். கடைக்கான நேரத்தை எடுத்து தெல்பி அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம்.

எங்கள் குழு தெல்பியில் ஒரு மணி நேரம் நின்றது, பேருந்து ஓட்டுநரின் ஓய்வு நேரத்துக்காக. பெரும்பாலோர் கீழே நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். சேலைக்கார அக்காவும் நானும் இன்னும் இரண்டு பேரும் மேலே ஏறினோம். கல்லியோனைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நேத்து அந்தத் தொட்டிகிட்ட அவ்வளவு நேரம் ஜெபிச்சோம். இத யாருமே சொல்லலையே” என்றார். பிறகு கைப்பையிலிருந்த வேதாகமத்தை எடுத்து நடபடிகள் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்து, ஓரத்தில் பேனாவால் 51 என்று எழுதிக்கொண்டார்.