நடேசய்யரின் எழுத்தும் இயக்கமும்

பத்திரிகையாளன் ஒருவனை அவனது நடையழகைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. யாருக்காக எழுதினான், எழுதியது அவர்களைச் சென்றடைய என்ன செய்தான் என்பனவே அரசியற் பத்திரிகையாளனுக்குரிய அளவுகோல்கள். இவற்றால் அளக்கும்போதுதான் கோ. நடேசய்யரின் உண்மையான உயரம் புலப்படும்.

தஞ்சை மண்ணில் பிறந்து இலங்கைக்கு வந்த அவர், 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளைத் தொடங்கினார். அவர் யாருக்காக எழுதினாரோ அத்தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துள் நுழைவதும் குற்றம். நடேசய்யரோ புடைவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் புகுந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடினார். வாசிக்க இயலாதவனுக்குச் செவிவழிப் பத்திரிகையாக அப்பாடல்கள் அமைந்தன எனலாம்.

கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவுடன் இணைந்து உழைத்த அவர், அவ்வியக்கம் இந்தியத் தொழிலாளருக்கெதிரான இனவாதத்தின் பக்கம் சாயத் தொடங்கவே பிரிந்து, 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். எழுத்து இயக்கமாக வளர்ந்த வரலாறு இது.

எனினும் விமர்சனம் துதியாகிவிடலாகாது. சம்மேளனத்தின் பெயரிலிருந்த ‘இந்திய’ என்ற சொல், ஒடுக்கப்பட்டோரைத் திரட்டிய அதே வேளையில், சிங்களத் தொழிலாளரிடமிருந்து அவர்களைப் பிரித்தும் காட்டியது. அன்றைய இனவாதம் வேறு வழி விடவில்லை என்பது மெய்யே. ஆயினும் வர்க்க ஒற்றுமை வேரூன்றாத இடத்தில் ஆளும் வர்க்கத்தின் வேலை எளிதாகிறது. நடேசய்யர் 1947இல் மறைந்தார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமோ அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென, அவர்களைக் கேளாமலே முடிவு செய்தது.

இவ்வரலாறு மலையகத்தோடு நின்றுவிடவில்லை. 1977ஆம் ஆண்டின் வன்செயலுக்குத் தப்பி வந்த தோட்டக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறின. அவர்களது வியர்வையில் வன்னியின் நிலங்கள் விளைந்தன. ஆயினும் ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல் அவர்களைப் பின்தொடர்ந்தே வந்தது. அதைச் சொன்னவர் தமிழரே.

ஆய்வாளர் சாரல்நாடன் நடேசய்யரின் வாழ்வை நூலாக்கி மீட்டுத் தந்துள்ளார். அவ்வாழ்வை வன்னியின் வகுப்பறைகளுக்குக் கொண்டுசெல்வது ஆசிரியர்களாகிய நமது கடமை. தன் பாட்டனுக்காகவும் ஒரு பத்திரிகை வெளிவந்தது என்பதை அந்தக் குடும்பத்து மாணவன் அறியட்டும்; பக்கத்து வாங்கில் இருப்பவனும் அறியட்டும்.