மாடிக்கு வந்த இரண்டாவது ரூட்டர்: ஆர்ச்சர் சி6 ஒரு மதிப்பீடு

ஃபைபர் இணைப்புடன் சேவை நிறுவனம் தரும் மோடம் பெரும்பாலும் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பொருத்தப்பட்டுவிடுவதாலும், செங்கல் சுவர்களும் கான்கிரீட் தளமும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பெரிதும் மட்டுப்படுத்துவதாலும், மாடியறைக்கென்று இன்னொரு ரூட்டர் வாங்குவது தமிழக வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அத்தேவைக்குப் பொருந்தும் கருவிகளுள் டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி6 ஒன்றாகும். வெளியே நீட்டி நிற்கும் நான்கு ஆன்டெனாக்கள், நான்கு லேன் போர்ட்டுகள், இணையம் உள்ளே வருவதற்கான ஒரு வேன் போர்ட் ஆகியவற்றைக் கொண்ட இக்கருவியில் எல்லாப் போர்ட்டுகளும் கிகாபிட் வேகத்தவை. 5 கிகாஹெர்ட்ஸில் 867 மெகாபிட், 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 மெகாபிட் என்ற இரு உச்சவரம்புகளையும் கூட்டி, முழு எண்ணாக உயர்த்திப் பெட்டியின் மேல் 1200 என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு கைபேசி ஒரு நேரத்தில் ஏதேனும் ஓர் அலைவரிசையில்தான் இணையும் என்பதால், அக்கூட்டுத்தொகை விற்பனைக்கு உதவுமேயன்றிப் பயன்படுத்துவோருக்கு எதையும் உணர்த்துவதில்லை.

வன்பொருளைக் குறை சொல்ல அதிகமில்லை. சிக்கல் தொடங்குவது, பெட்டியிலிருந்து எடுத்தவுடன் இக்கருவி முழு ரூட்டராகவே இயங்கத் தலைப்படுவதில்தான். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் தானாக ஐபி முகவரி வழங்கும் பணிக்கு டிஎச்சிபி என்றும், அந்த உள் முகவரிகளை வெளியுலகுக்குரிய ஒரே முகவரியாக மாற்றி அனுப்பும் பணிக்கு நேட் என்றும் பெயர். முன்னறை மோடம் ஏற்கனவே இவ்விரண்டையும் செய்துகொண்டிருக்க, மாடியிலுள்ள ரூட்டரும் அவற்றையே செய்யும்போது இரட்டை நேட் எனப்படும் நிலை உருவாகிறது. இணையதளங்கள் திறக்கும், காணொளிகள் ஓடும்; ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆயினும், கீழே மோடத்தின் வைஃபையில் இருக்கும் பிரின்டரை மாடியிலிருக்கும் மடிக்கணினி தேடிக் கண்டுபிடிக்காது. ஏனெனில் அத்தகைய தேடல் அறிவிப்புகள் ஒரே வலைப்பின்னலுக்குள் மட்டுமே சுற்றுபவை, ரூட்டரைத் தாண்டிச் செல்லாதவை.

இதனினும் குழப்பமானது முகவரி மோதல். 1996இல் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய முகவரித் தொகுதிகளுள் 192.168 என்று தொடங்குவதையே வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. ஜியோ ஃபைபர் கருவி 192.168.29.1 என்பதையும், வேறு பல மோடங்கள் 192.168.1.1 என்பதையும், ஆர்ச்சர் 192.168.0.1 என்பதையும் தமக்குரியதாகக் கொள்வதால் பொதுவாக மோதல் நேர்வதில்லை. ஒருவேளை முன்னுள்ள மோடமும் 192.168.0.1 என்றே அமைந்திருந்தால், ஒரே தெருவில் இரு வீடுகளுக்கு ஒரே கதவு எண் தந்ததுபோல எந்தத் தரவுப் பொட்டலம் எங்கே போவதென்று தெரியாமல் போகும். அதைத் தவிர்க்க ஆர்ச்சர் தன் முகவரியைத் தானே மாற்றிக்கொள்ளும் வசதியுடையது என்பது பாராட்டத்தக்கதே. ஆனால் கையேட்டிலுள்ள முகவரியைத் தட்டச்சு செய்பவருக்கு அதற்குப்பின் மோடத்தின் உள்நுழைவுப் பக்கமே திறக்கும். ஆர்ச்சரின் கடவுச்சொல் அங்கே ஏற்கப்படாதபோது, புதிய கருவி பழுதோ என்ற ஐயம் எழுவது இயல்பு.

மோடத்திலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகிவிடுவது இன்னொரு வகை. அப்போது ஒரே வலைப்பின்னலில் இரண்டு டிஎச்சிபி வழங்கிகள் அமைந்துவிட, எது முந்திப் பதில் தருகிறதோ அதன் முகவரியைச் சாதனம் ஏற்றுக்கொள்கிறது. காலையில் இயங்கிய கைபேசி மாலையில் இணையமின்றி நிற்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையை இட்டு, ‘டீஃபால்ட் கேட்வே’ என்ற வரியைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். அங்கே மோடத்தின் முகவரி இருந்தால் இணையம் வரும். ஆர்ச்சரின் முகவரி இருந்தால், கேபிள் எதுவும் செருகப்படாத வேன் போர்ட்டை நோக்கியே எல்லாப் பொட்டலங்களும் அனுப்பப்படுகின்றன என்று பொருள். கணினியின் முகவரியே 169.254 என்று தொடங்கினால், எந்த வழங்கியும் பதிலளிக்காததால் கணினி தானே ஒன்றை இட்டுக்கொண்டது என்று கொண்டு, முதலில் கேபிளைச் சோதிக்க வேண்டும்.

மேற்கண்டவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு கருவிக்குள்ளேயே இருக்கிறது. அமைப்புப் பக்கத்தின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘ஆபரேஷன் மோட்’ என்பதைத் திறந்து, ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்று மாற்றிவிட்டால், கருவி மீண்டும் தொடங்கியபின் முகவரி வழங்கும் பொறுப்பை மோடத்திடமே விட்டுவிட்டு, வைஃபை பரப்பும் வேலையை மட்டும் செய்கிறது. பெற்றோர் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் இந்நிலையில் மறைந்துவிடுகின்றன என்றாலும், மாடியறைக்கு வாங்கப்பட்ட கருவிக்கு அது பேரிழப்பன்று. இவ்வளவு பயனுள்ள தெரிவை முதல் அமைப்பின்போதே கேட்காமல் பட்டியலின் ஆழத்தில் வைத்திருப்பதுதான் இக்கருவியின் உண்மையான குறை. மோடத்தை, தானே ரூட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு இணையும் பிபிபிஓஇ இணைப்பை ஆர்ச்சரிடம் ஒப்படைப்பது மாற்று வழி. அதற்குச் சேவை நிறுவனத்தின் ஒத்துழைப்பு தேவைப்படுவதோடு, பொட்டலத்தின் உச்ச அளவை 1500க்குப் பதில் 1492 பைட்டாக வைக்கத் தவறினால் சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடக்கூடும்.

எல்லாம் சரிசெய்த பின்னும் வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லையெனில் ரூட்டரைவிடச் சுவரோரக் கேபிளைச் சந்தேகிப்பதே முறை. கிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் இணைந்திருக்க வேண்டும், ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடக்கூடும். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எல்லைக்குள் காணப்படுமானால், சேவை நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்தளிக்கிறது என்பது தெளிவு. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை போர்ட் ஃபார்வர்டிங் வழியே நேரடியாகத் திறக்க நினைப்போருக்கு அந்நிலையில் ஆர்ச்சரோ அதைவிட விலையுயர்ந்த வேறெந்த ரூட்டரோ உதவாது. தனிப் பொதுமுகவரியை அந்நிறுவனத்திடமே கேட்டுப் பெறவேண்டும்.