சட்டகத்துக்கு வெளியே நிற்பவர்கள்: சிறுத்தைப் படங்களை வாசித்தல்

1

மரக்கிளையில் ஒரு சிறுத்தை படுத்திருக்கிறது. கால்கள் கிளையின் இரண்டு பக்கமும் தொங்குகின்றன. கண் நேராக நம்மைப் பார்க்கிறது. பின்னால் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு மங்கல். மனுஷர் யாரும் இல்லை. வீடு, பாதை, வேலி, கரண்டுக் கம்பம் எதுவும் இல்லை. தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட், கென்யாவின் மாசாய் மாரா, இலங்கையின் யால, கர்நாடகத்தின் கபினி, எங்கே எடுத்தாலும் படம் இதுதான். காலண்டரிலும் கண்காட்சியிலும் திரும்பத் திரும்ப இதையே பார்த்திருக்கிறோம்.

இதை 'இயற்கை' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். நாமும் வாங்கிக்கொள்கிறோம். ஒரு சினிமாவை, ஒரு நாவலை வரிவரியாகக் கட்டுடைக்கிற நம்ம ஆளுங்ககூட இந்தப் படத்துக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறார்கள். ஆனால் இதுவும் ஒரு பிரதிதான். 600 எம்.எம். லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் கொண்டுவருகிறது என்று மட்டும் நினைக்கிறோம். அது இன்னொரு வேலையும் செய்கிறது. சுற்றி இருப்பதையெல்லாம் அழிக்கிறது. கோணம் குறுகக் குறுக, பக்கத்தில் நிற்கும் பத்து ஜீப்பும் சட்டகத்தை விட்டு வெளியே போய்விடுகின்றன. பின்னணியை மங்கலாக்கும்போது அங்கே இருப்பது ஊரா காடா என்றே தெரியாமல் போகிறது. இது வெறும் தொழில்நுட்பம் இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்கிற அதிகாரம்.

படத்தில் தெரியும் அந்த வெறுமை உண்டாக்கப்பட்ட ஒன்று. லென்ஸ் உண்டாக்கியது பாதி. லென்ஸ் வருவதற்கு முன்பே சட்டமும் துப்பாக்கியும் உண்டாக்கியது மீதி. அதை இயற்கை என்று நம்புவதற்கான விலையைப் படம் எடுப்பவரும் கொடுப்பதில்லை, பார்ப்பவரும் கொடுப்பதில்லை. காட்டோரத்துக் கூலிக்காரர்கள் கொடுக்கிறார்கள், கூடவே சிறுத்தையும் கொடுக்கிறது.

2

சூசன் சொண்டாக், புகைப்படம் பற்றிய தன் 1977 நூலில், சஃபாரியில் துப்பாக்கி இருந்த இடத்துக்குக் கேமரா வந்துவிட்டதைப் பற்றி எழுதினார். நம் சிறுபத்திரிகைகளில் பலரும் அதை ஒப்பிப்பதுண்டு. ஆனால் அது பாதி உண்மைதான். துப்பாக்கி இறங்கிப் போய்க் கேமரா ஏறவில்லை. இரண்டும் ஒரே தோளில் ஒன்றாகவே வந்தன. ஜெர்மானியர் கார்ல் கியோர்க் ஷில்லிங்ஸ், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இரவில் வெளிச்சம் வெடித்து எடுத்த விலங்குப் படங்களை 1905இல் புத்தகமாகப் போட்டார். அதன் தலைப்பிலேயே மின்வெளிச்சமும் இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. அதே 1905இல், அதே காலனியில், கட்டாயப் பருத்திச் சாகுபடிக்கு எதிராக 'மாஜி மாஜி' எழுச்சி வெடித்தது. 1907 வரை நடந்த அந்த ஒடுக்குமுறையிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் செத்தவர்கள் லட்சக்கணக்கில். அந்த வெளிச்சத்தில் விலங்கு விழுந்தது. இவர்கள் விழவில்லை.

'பெரிய ஐந்து' என்று சஃபாரிக் கம்பெனிகள் விளம்பரம் செய்கின்றனவே, அந்தப் பட்டியலே வேட்டைக்காரன் போட்டது. நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை ஆபத்தானவையோ அந்த ஐந்து: சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை. இன்றைக்கும் சிறுத்தைத் தோலையும் தலையையும் வேட்டைக் கோப்பையாக வெளிநாட்டுக்கு எடுத்துப்போக, சைட்டிஸ் ஒப்பந்தத்தின்படி ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு ஒதுக்கீடு உண்டு. கேமரா வந்ததால் துப்பாக்கி ஓய்ந்துவிடவில்லை.

செரெங்கெட்டி 1951இல் தேசியப் பூங்கா ஆனது. 1959இல் மாசாய் மக்கள் அங்கிருந்து கோரோங்கோரோ பக்கம் தள்ளப்பட்டார்கள். அதே 1959இல்தான் 'செரெங்கெட்டி சாகக் கூடாது' என்ற கிர்சிமெக்கின் ஆவணப்படம் வந்தது, ஆஸ்கரும் வாங்கியது. எது சாகக் கூடாது என்று உலகத்துக்குத் தெரிந்தது, யார் வெளியேற வேண்டியிருந்தது என்பது தெரியவில்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவுக்காக மக்குலேக்கே மக்கள் 1969இல் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி விழுந்த பிறகு, 1998இல்தான் அந்த நிலம் அவர்களுக்குத் திரும்பியது.

சிறுத்தைப் படத்துக்குப் பேர்போன சாபி சாண்ட், அந்த க்ரூகரின் மேற்கு எல்லையை ஒட்டிய தனியார் காடு. அங்கே ஜீப்பின் முன்மூக்கில் ஒரு தனி இருக்கை இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர் தடம் பார்ப்பவர், பெரும்பாலும் சங்கான் மக்களில் ஒருவர். மண்ணில் பதிந்த கால், ஒடிந்த புல், மான் போட்ட அபாயக் குரல், எல்லாவற்றையும் படித்துச் சிறுத்தையைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர்தான். அந்தக் காட்டில் ஒவ்வொரு சிறுத்தைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்துக் கொடுத்தவரின் பெயர் மட்டும் படத்துக்குக் கீழே பெரும்பாலும் இருக்காது. வாசித்தவர் ஒருவர், 'ஆசிரியர்' வேறொருவர்!

3

ஆப்பிரிக்கா தூரம் என்றால் மன்னாரைத் தாண்டினால் போதும். இலங்கையில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. அங்கே காட்டில் மேலாள் சிறுத்தைதான். அதனால் பகலிலேயே பாறைமேல் வந்து படுக்கும். யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசியப் பூங்காக்கள் ஆனவை. போர் முடிந்த 2009க்குப் பிறகு யாலவில் சுற்றுலா வீங்கியது. ஒரு சிறுத்தை தெரிந்தால் ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்ல, புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப்கள் அடைத்துக்கொள்கின்றன. ஓட்டுநரைத் திட்டுவது சுலபம். சிறுத்தையைக் காட்டினால்தான் டிப்ஸ் என்று ஆக்கி வைத்தவன் பின்சீட்டில் கேமராவோடு உட்கார்ந்திருக்கிறான். ஜீப் நெரிசலில் எடுத்த படத்திலும் சிறுத்தை தனியாகத்தான் இருக்கும்!

இலங்கைச் சிறுத்தையின் அறிவியல் பெயரில் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல் இருக்கிறது. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளையும் சிங்களத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு கொட்டியாவை வேட்டையாடி முடித்த அரசு, இன்னொரு கொட்டியாவைச் சுற்றுலாச் சின்னமாக்கி விற்கிறது என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். நம் தமிழுணர்வுக்கு அது இதமாகவும் இருக்கும். ஆனால் வில்பத்து நம்மை அவ்வளவு லேசாக விடாது.

போரினால் மூடப்பட்டிருந்த வில்பத்து 2003இல் திறந்தது. 2006 மே மாதம் அங்கே கண்ணிவெடியில் சிக்கிச் செத்தவர்களில் நாவலாசிரியர் நிஹால் டி சில்வாவும் ஒருவர். அந்தக் காட்டின் வழியாக ஒரு ராணுவ அதிகாரியும் ஒரு புலிப் பெண்ணும் நடந்துபோகிற கதையை எழுதியவர் அவர். பூங்கா மறுபடியும் மூடி, 2010இல் திறந்தது.

அந்தப் பூங்காவுக்கு வடக்கே முசலிப் பகுதியில் முஸ்லிம் கிராமங்கள் இருந்தன. 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். இருபது வருஷம் ஆளில்லாத ஊரில் மரம் முளைத்தது. போர் முடிந்து திரும்பி வந்தவர்கள் பார்த்தால், ஊர் காடாக இருக்கிறது, காகிதத்திலும் அது ஒதுக்குக் காடாகிவிட்டது. உடனே, 'வில்பத்துவை அழிக்கிறார்கள்' என்று ஒரு பெரிய கூச்சல் கிளம்பியது. வழக்கு நடந்தது. கல்லாற்றுக் காட்டில் நடந்த குடியேற்றம் சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எங்கே ஊர் முடிந்து எங்கே காடு தொடங்கியது என்பதை ஆவணங்களை வைத்து வாதாடலாம், வாதாட வேண்டும். நான் சொல்ல வருவது வேறு. 'மனிதக் கை படாத காடு' என்ற கற்பனை இங்கே ஒரு இனவெளியேற்றத்தின்மீது வளர்ந்த மரங்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த வெளியேற்றத்தைச் செய்தவர்கள் தமிழர்கள். இதைச் சொல்லாமல் யால ஜீப்பை மட்டும் திட்டினால், நாமும் சட்டகத்தை நமக்கு வசதியாக வெட்டுகிறோம் என்றே அர்த்தம்.

4

படம் பொய் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று கேட்கலாம். முழுகும். மகாராஷ்டிராவின் ஜுன்னர் அதற்குச் சாட்சி. அங்கே சிறுத்தைகள் கரும்புக் கொல்லையில் குட்டி போட்டு, தெருநாயைத் தின்று, ஊரோடு ஊராக வாழ்கின்றன. 'சிறுத்தையின் இடம் காடு' என்ற நம்பிக்கையில் 2001 முதல் 2003 வரை நூற்றுக்கு மேற்பட்ட சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, கொண்டுபோய்க் காட்டில் விட்டார்கள். மனிதர்மீதான தாக்குதல் குறையவில்லை, கூடியது. விட்ட இடத்துக்குப் பக்கத்து ஊர்களிலும் தாக்குதல் தொடங்கியது. வித்யா ஆத்ரேயாவும் கூட இருந்தவர்களும் இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். வெறுமையான காட்டில் தனியாக நிற்கும் சிறுத்தை என்ற பிம்பம் நிர்வாகக் கொள்கையாக மாறி, ஆட்களைப் பலிவாங்கியது.

2022 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சிறுத்தைகள் 13,874, தமிழ்நாட்டில் 1,070. இவற்றில் பல தேயிலைத் தோட்டங்களின் ஊடாகத்தான் நடமாடுகின்றன. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. 2025 ஜூனில் வால்பாறையில் நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிப்போய்க் கொன்றது. இரண்டும் ஜார்க்கண்டிலிருந்து கூலிக்கு வந்தவர்களின் குழந்தைகள். லயன் வீட்டுக்கும் புதருக்கும் நடுவே எத்தனை அடி? வாசலில் விளக்கு எரிகிறதா? தாய் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை எந்தச் சிறுத்தைப் படமும் கேட்பதில்லை. அதே மலையில் சுற்றுலா பங்களாக்காரன் 'சிறுத்தை நடமாடும் தோட்டம்' என்று சொல்லி அறையை வாடகைக்கு விடலாம். ஒருத்தருக்குக் கிளர்ச்சி, இன்னொருத்தருக்கு எழவு.

இதைச் சொன்னதும், 'அப்ப சுட்டுத் தள்ளணும்கிறியா?' என்று நம் தோழர்களே கேட்பார்கள். இல்லை. மக்கள் எதிர் விலங்கு என்ற எதிர்மறையைக் கட்டுவதே அந்தப் படம்தான். அதைத் தலைகீழாகப் பிடித்தாலும் படம் அதேதான். விளக்கு, கக்கூஸ், குழந்தைக் காப்பகம், புதர் வெட்டல், குப்பை அள்ளல் என்று லயன் வீட்டுக்காரர்கள் கேட்கிற ஒவ்வொன்றும் சிறுத்தையையும் காப்பாற்றும். கூலிக்காரனின் உரிமையும் சிறுத்தையின் உயிரும் இங்கே ஒரே கோரிக்கைப் பட்டியலில் வருகின்றன. தோட்ட முதலாளிக்கு அந்தப் பட்டியல்தான் கசக்கும்.

5

விலங்கைப் படமாக்கும் வேறு வழி நம்மிடம் இருந்ததா? கொங்கிலும் வடதமிழகத்திலும் புலிக்குத்திக் கல் உண்டு. ஒரே பலகைக் கல்லில் ஆளும் விலங்கும் எதிரெதிராக நிற்பார்கள். இருவருக்கும் ஒரே சட்டகம், ஒரே அளவு. சில கற்களில் செத்தவன் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். அதற்காகப் பெருமை பேச வேண்டாம். அந்தக் கல்லிலும் பெண்ணுக்கும் சேரிக்கும் இடம் அரிது. ஆனால் 'இங்கே ஆளும் இருந்தான்' என்று அது ஒத்துக்கொள்கிறது.

நம் காலத்தில் மா. கிருஷ்ணன் (1912–1996) இருந்தார். மாதவையாவின் மகன். பழைய பாகங்களைச் சேர்த்துத் தானே கட்டிய கேமராவால் கறுப்பு வெள்ளையில் காட்டு விலங்குகளை எடுத்தார். விலங்கு நிற்கும் செடிகொடியோடு, அதன் இடத்தோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னவர். அவர் பார்வையிலும் காட்டு மக்களின் உரிமைக்கு எவ்வளவு இடம் என்று நாம் கேட்க வேண்டும். என்றாலும், மங்கலான பின்னணி அவருக்குப் பெருமை இல்லை.

இதையெல்லாம் மேல்மலையனூரில் உட்கார்ந்துகொண்டு பேசக் காரணம் உண்டு. மாசி அமாவாசை மயானக் கொள்ளைக்கு அதே நீண்ட லென்ஸ்கள் இங்கேயும் வருகின்றன. வேஷம் கட்டி, சாமி வந்து, வாயில் கோழியைக் கவ்விய ஒரு முகம் மட்டும் சட்டகத்தில் நிற்கும். சனங்கள் தங்கள் கொல்லையில் விளைந்த தானியத்தையும் காய்கறியையும் கொண்டுவந்து சூறை விடுவது வெளியே போய்விடும். அதைப் பொறுக்கி எடுத்துப்போய் விதையோடு சேர்ப்பதும் வெளியே போய்விடும். காட்டில் மனிதரை அழித்துத் தூய விலங்கை உண்டாக்கிய கண், சுடுகாட்டில் உழைப்பை அழித்து 'காட்டுமிராண்டி'யை உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே கண். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. இனி அங்கே எடுக்கப்போகும் படங்களில் மலையடிவாரத்து ஆடுமாட்டுக்காரர் இருப்பாரா என்று இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருளர்களின் வேட்டை ஒரே நாளில் குற்றமாயிற்று. அதே 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றியது. பிறகு இந்த வட்டாரத்துச் சேரிச் சுவர்களிலும் சிறுத்தை ஏறியது. விலங்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் விலங்கின் பெயரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சுவரில் இருக்கும் சிறுத்தை படுத்திருக்கவில்லை, பாய்கிறது. சுற்றி ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள்.

சிறுத்தையைப் படமெடுக்கிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது அதிகம் இல்லை. படத்துக்குக் கீழே நாலு வரி. தடம் பார்த்தவர் யார்? எத்தனை ஜீப் நின்றது? இந்த இடத்தில் முன்பு எந்த ஊர் இருந்தது? அவர்கள் இப்போது எங்கே? இந்த நாலுக்கும் பதில் எழுதிய பிறகும் படம் அழகாக இருந்தால், சேர்ந்து பார்ப்போம்.