கோலுக்குப் பின் அரை நிமிடம்

கோல் விழுந்ததும் கத்துகிறோம். பக்கத்தில் இருப்பவரின் தோளில் தட்டுகிறோம். அப்புறம் டிவியை விட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறோம். ரீப்ளே வரும்வரை போனைப் பார்ப்பார் ஒருவர், தண்ணீர் குடிக்க எழுந்து போவார் இன்னொருவர். அந்த அரை நிமிடத்தில் திரையில் நடப்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கால்பந்தில் நான் ஆசையோடு காத்திருந்து பார்ப்பதே அதைத்தான்.

“ரொம்பத்தான் ஆடுறான்” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கோல் போட்டவர் மூலைக்கு ஓடி இடுப்பை அசைத்தாலோ, குட்டிக்கரணம் அடித்தாலோ, காதருகே கை வைத்துக் கூட்டத்தைச் சீண்டினாலோ, அடக்கம் வேண்டாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்கான பதில் நம் மொழிக்குள்ளேயே கிடக்கிறது. விளையாடுவதற்கும் நடனத்துக்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல்: ஆட்டம். கொண்டாட்டம் என்ற சொல்லுக்குள்ளும் அதே ஆட்டம் உட்கார்ந்திருக்கிறது. பந்தை வலைக்குள் அனுப்பியவர் அடுத்த நொடி பந்து இல்லாமல் ஆடுகிறார், அவ்வளவுதான்.

இதை ரசிக்க முதலில் ஒரு கணக்கை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பந்துக்குப் பந்து ரன் ஏறும் கிரிக்கெட்டில் பழகிய கண் நமக்கு. கால்பந்தில் கோல் அரிது. 1990-இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களுக்கு விழுந்தவை 115 கோல்கள்தான். ஆட்டத்துக்குச் சராசரி 2.21. உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிகக் குறைவான சராசரி அது. தொண்ணூறு நிமிடம் ஓடியும் ஒன்றும் விழாமல் போகும் ஆட்டங்கள் எத்தனையோ. அப்படிப்பட்ட வறட்சியில் ஒரு துளி விழுந்தால், அது விழுந்த இடத்தில் மண்வாசம் எழத்தான் செய்யும்.

அதே வறண்ட உலகக் கோப்பையில்தான் ரோஜர் மில்லா ஆடினார். கேமரூன்காரர். வயது 38. இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் ஆளுகையில் இருக்கும் ரீயூனியன் தீவில் (நம் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனார்களே, அதே தீவு) ஒரு சிறிய அணிக்காக ஆடிக்கொண்டிருந்தவர். நாட்டின் அதிபர் பால் பியாவே தலையிட்டு அவரைத் தேசிய அணிக்குத் திரும்ப அழைத்தார். ஜூன் 14, பாரி நகரம், எதிரே ருமேனியா. மாற்று ஆட்டக்காரராக இறங்கிய மில்லா இரண்டு கோல் போட்டார். போட்டவர் நேரே மூலைக்கொடியை நோக்கி ஓடினார். ஒரு கை வயிற்றருகே, இன்னொரு கை மேலே. கால்கள் அதிகம் நகரவில்லை. இடுப்பு மட்டும் கேமரூனின் மகோஸா இசையில் ஆடுகிறவர்களைப் போல வளைந்தது. மேளம் இல்லை, பாட்டு இல்லை. ஆடத் துணை என்று அங்கே இருந்தது அந்தக் கொடிக்கம்பம்தான்.

ஒன்பது நாள் கழித்து நேப்பிள்ஸில் கொலம்பியாவுடன் ஆட்டம். கூடுதல் நேரத்தில் மில்லா மறுபடி இரண்டு கோல் போட்டார். இரண்டாவது கோலுக்கு முன், கொலம்பிய கோல்கீப்பர் ஹிகிட்டா கோல் எல்லையை விட்டு வெகுதூரம் வந்து காலில் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டப் பார்த்தார். மில்லா பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினார். அன்று கேமரூன் உலகக் கோப்பையின் காலிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி ஆனது. ஆடி முடித்து ஓய்ந்துவிட்டார் என்று ஒதுக்கப்பட்டவர் கொடியருகே ஆடியதை அந்தப் பின்னணியோடு பாருங்கள். திமிர் என்று தோன்றுகிறதா?

கொண்டாட்டத்தைப் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இது யாருக்கு? கோல் போட்டவர் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். பயிற்சியாளர் நிற்கும் பக்கமா, தன் ரசிகர்கள் பக்கமா, எதிரணி ரசிகர்கள் பக்கமா, அல்லது காமிராவை நோக்கியா?

சில நேரம் விடையே இருக்காது. 1982 ஜூலை 11, மாட்ரிட், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இத்தாலியின் இரண்டாவது கோலைப் போட்ட மார்கோ டார்டெல்லி, இரண்டு முஷ்டிகளையும் இறுக்கிக்கொண்டு, தலையை உலுக்கியபடி, வாய் கிழியக் கத்திக்கொண்டே ஓடினார். அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம். அதில் எந்த ஒத்திகையும் இல்லை. நாற்பது ஆண்டுகள் தாண்டியும் இத்தாலியர்கள் அதை ‘டார்டெல்லியின் கதறல்’ என்றே சொல்கிறார்கள்.

1994 உலகக் கோப்பையில், ஜூலை 9 அன்று டல்லாஸில் பிரேசிலின் பெபெட்டோ செய்ததற்கு விடை தெளிவாக இருந்தது. நெதர்லாந்துக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு மைதானத்தின் ஓரத்துக்கு ஓடியவர், இரு கைகளையும் சேர்த்து, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இடமும் வலமும் ஆட்டினார். சில நாட்களுக்கு முன்புதான் அவருக்கு மகன் பிறந்திருந்தான். இங்கே கோல் போட்டவரை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு பக்கமும் மசினியோவும் ரொமாரியோவும் வந்து நிற்கிறார்கள். ஒரே தாளத்தில் மூன்று தொட்டில்கள் ஆடுகின்றன. அந்தக் குழந்தை மத்தேயுஸ் வளர்ந்து கால்பந்து ஆட்டக்காரர் ஆனார். பக்கத்தில் தாலாட்டிய மசினியோவின் மகன் தியாகோ அல்கான்டரா பார்சிலோனாவிலும் பேயர்ன் மியூனிக்கிலும் ஆடியவர். 2023 ஜூனில் புவனேஸ்வரத்தில் வனுவாட்டுக்கு எதிராகக் கோல் போட்ட சுனில் சேத்ரி, பந்தை ஜெர்சிக்குள் வைத்து வயிறாகக் காட்டி, தான் அப்பாவாகப் போவதைச் சொன்னார். செய்தி அதே வகை. நம்ம ஆள் என்பதால் எனக்கு அதில் கூடுதல் சந்தோஷம்.

யார் ஓடி வந்து சேர்ந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்ப்பதற்குச் சிறந்த பாடம், 2002 உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். சியோலில், நடப்பு உலக சாம்பியன் பிரான்ஸை செனகல் எதிர்கொண்டது. 1960 வரை செனகலை ஆண்ட நாடு பிரான்ஸ். செனகல் அணியில் பெரும்பாலோர் பிழைப்புக்கு ஆடிக்கொண்டிருந்ததும் பிரெஞ்சு லீக்கில்தான். 30-ஆவது நிமிடத்தில் பாப்பா பூபா டியோப் கோல் போட்டார். மூலைக்கு ஓடி, ஜெர்சியைக் கழற்றித் தரையில் விரித்தார். தோழர்கள் வந்து அதைச் சூழ்ந்துகொண்டு ஆடினார்கள். நடுவில் ஆள் யாரும் இல்லை. புல்லின் மேல் நாட்டின் ஜெர்சி மட்டும் கிடந்தது. ஆட்டம் 1-0 என்று முடிந்தது. 2020 நவம்பர் 29 அன்று, 42 வயதில், டியோப் காலமானார். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தேதியில், கத்தார் உலகக் கோப்பையில் ஈக்வடாரை வெல்ல வைத்த கோலைப் போட்ட செனகல் கேப்டன் கூலிபாலியின் கைப்பட்டையில் டியோப்பின் எண் 19 எழுதப்பட்டிருந்தது.

ஜெர்சியைக் கழற்றினால் மஞ்சள் அட்டை என்பது 2004-இலிருந்து கண்டிப்பான விதி. கோலே செல்லாது என்று அறிவித்தாலும் அட்டை செல்லும். அது தெரிந்தும் கழற்றுகிறார்கள். அப்படிக் கழற்றியவர்களில் என் மனதை விட்டு அகலாதவர் ஸ்பெயினின் இனியெஸ்டா. 2010 இறுதி ஆட்டத்தில், 116-ஆவது நிமிடத்தில் உலகக் கோப்பையையே வென்று தந்த கோலைப் போட்டுவிட்டு ஜெர்சியைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியனில், டானி ஹார்க்கே என்றும் நம்மோடு இருக்கிறார் என்று கையால் எழுதியிருந்தது. முந்தைய ஆண்டு 26 வயதில் மாரடைப்பால் இறந்த நண்பர் அவர். இனியெஸ்டாவின் பார்சிலோனாவுக்கு ஊருக்குள்ளேயே போட்டியாளரான எஸ்பான்யோல் அணியின் கேப்டன். நடுவர் விதிப்படி அட்டையைக் காட்டினார். பின்னர் எஸ்பான்யோலின் மைதானத்துக்கு இனியெஸ்டா ஆடப் போனபோது எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நகைச்சுவையும் உண்டு. ஜெர்மனியின் க்ளின்ஸ்மான் மேல், தொட்டாலே விழுந்து நடிப்பவர் என்று இங்கிலாந்தில் கோபம் இருந்தது. 1994 ஆகஸ்டில் டாட்டன்ஹாமுக்காக ஆடிய முதல் லீக் ஆட்டத்தில் கோல் போட்டதும், ஓடிப் போய்ப் புல்லில் நெஞ்சால் வழுக்கி நீச்சலடிப்பதுபோல் விழுந்தார். தோழர்களும் கூடவே விழுந்தார்கள். தன்னைத் திட்டிய ஒரு நாட்டைத் தன்னோடு சேர்ந்து சிரிக்க வைத்துவிட்டார்.

எல்லாக் கொண்டாட்டமும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். 2009-இல் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடிய அடெபயோர், தன் பழைய அணியான ஆர்சனலுக்கு எதிராகக் கோல் போட்டுவிட்டு, மைதானத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடி, ஆர்சனல் ரசிகர்கள் முன் முழங்காலிட்டுச் சறுக்கினார். அதில் மகிழ்ச்சியைவிடக் காயப்படுத்தும் ஆசைதான் தெரிந்தது. அதற்கு நேர் எதிரே நிற்பவர் பாடிஸ்டூட்டா. ஒன்பது ஆண்டுகள் ஃபியோரென்டினாவுக்கு ஆடியவர், 2000 நவம்பரில் ரோமாவுக்காக அதே அணியின் வலையில் கோல் போட்டார். தோழர்கள் கட்டிப்பிடிக்க, அவர் கண்கலங்கி நின்றார். கொண்டாட மறுப்பதும் ஒரு அபிநயம். அதையும் கவனிக்கப் பழகுங்கள்.

கோலை வீடியோவில் சரிபார்க்கும் விஏஆர் முறை வந்த பிறகு கொண்டாட்டத்தின் நடையே மாறியிருக்கிறது. கோல் போட்டவரின் கண் முதலில் துணை நடுவரின் கொடிக்குத் தாவும். கால் ஓடத் தொடங்கியிருக்கும், முகம் இன்னும் நம்பியிருக்காது. அந்தத் தயக்கமும் பார்க்கத் தகுந்ததுதான். ஆனாலும், முழு மனதோடு ஓடிய டார்டெல்லியின் காலத்துக்கு நான் ஏங்குகிறேன்.

கடைசியாக, முகம் சுளிப்பவர்களிடம் மறுபடி வருகிறேன். 2022 செப்டம்பரில் ஸ்பெயினின் ஒரு டிவி விவாதத்தில், ரியல் மாட்ரிட்டின் பிரேசில் ஆட்டக்காரர் வினிசியஸ் ஜூனியர் கோலுக்குப் பின் நடனமாடுவதை ஒருவர் ‘குரங்கு’ என்ற சொல்லைப் போட்டுக் கண்டித்தார். ஆடுவதை நிறுத்தப் போவதில்லை என்று வினிசியஸ் வீடியோவில் பதில் சொன்னார். சில நாட்களில் அத்லெட்டிகோ மாட்ரிட்டின் மைதானத்தில் அணித்தோழர் ரோட்ரிகோ கோல் போட, இருவரும் சேர்ந்து ஆடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், உலகக் கோப்பையில், தோஹாவில் தென் கொரியாவின் வலைக்குள் முதல் பாதியிலேயே நான்கு கோல் போட்ட பிரேசில், கோலுக்குக் கோல் ஆடியது. 61 வயது பயிற்சியாளர் டிட்டேவும் ரிச்சர்லிசனோடு புறாபோல் கழுத்தை வெட்டி ஆடினார். எதிரணிக்கு அவமரியாதை என்று ராய் கீன் பிரிட்டிஷ் டிவியில் கடிந்துகொண்டார். கீன் பெரிய ஆட்டக்காரர், ஆனால் இதில் அவர் சொன்னது தவறு. அந்த நடனங்களில் ஒன்றுகூடக் கொரியர்களைப் பார்த்து ஆடியதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து ஆடியவை.

இந்தப் பழைய ஆட்டங்கள் எல்லாம் யூடியூபில் கிடைக்கின்றன. பாரி நகரில் மில்லா போட்ட முதல் கோலிலிருந்து தொடங்குங்கள். பந்து வலைக்குள் போனதும் வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். அவர் கொடியருகே போய்ச் சேரும்வரை ஓடவிடுங்கள்.