கேட்டவன் காதில் விழாதது

பேய்க்கதை என்றால் நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம். இலக்கியம் படித்தவர்களுக்கு அது கொஞ்சம் கூடவே இருக்கும். ஆன் றைஸ் எழுதிய 'இன்டர்வியூ வித் த வம்பயர்' (1976) அந்த இளக்காரத்தோடு தள்ளி வைக்கக்கூடிய நாவல் அல்ல. இரத்தக் காட்டேரிகளைப் பற்றிய 13 நாவல்கள் கொண்ட தொடரில் இதுதான் முதலாவது.

பிராம் ஸ்டோக்கரின் 'டிரகுலா'வில் (1897) ஏனையோரெல்லாம் நாட்குறிப்பும் கடிதமும் எழுதுகிறார்கள். டிரகுலா தன் கதையைச் சொல்வதேயில்லை. றைஸ் கதையைக் காட்டேரியிடமே கொடுத்துவிட்டார். சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அறை, ஓர் ஒலிப்பதிவுக் கருவி, எதிரே ஓர் இளைஞன். லூயி என்ற காட்டேரி 1791 தொடக்கம் தனக்கு நடந்ததையெல்லாம் சொல்கிறான்.

மனிதனாயிருந்த காலத்தில் லூயி, நியூ ஓர்லியன்ஸ் பக்கத்தில் அவுரித் தோட்ட முதலாளி. அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்தவன். அவனைக் காட்டேரியாக்கிய லெஸ்டாட் அந்த அடிமைகளையே இரையாக்குகிறான். எசமான்கள் மனிதர்களல்ல என்பதை முதலில் கண்டுகொள்பவர்களும் அந்த அடிமைகள்தான். ஆனால் அவர்களுக்கு நாவலில் குரலே இல்லை. உயிரோடிருந்தபோது பிறர் உழைப்பைக் குடித்தவன், செத்த பிறகுதான் இரத்தங் குடிப்பதற்காக அழுகிறான். நாவலாசிரியர் இதை அழுத்திச் சொல்லவில்லை. எனக்கென்னவோ நாவலின் பெரிய குறை இதுதான் என்று படுகிறது.

அதன் உயிர் குளோடியாவிடம் இருக்கிறது. ஐந்து வயதில் காட்டேரியாக்கப்பட்ட சிறுமி. வருடங்கள் போகப் போக மனது முதிர்கிறது, உடம்பு மட்டும் பொம்மை மாதிரி அப்படியே நிற்கிறது. றைஸின் மகள் ஆறு வயதாகுமுன் 1972இல் இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனாள். அடுத்த வருடமே அவர் இந்த நாவலை எழுதினார். மௌத்தான பிள்ளையைச் சாகாமல் வைத்திருக்க ஆசைப்படாத தாய் யார்? அந்த ஆசை நிறைவேறினால் அது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய கொடுமையாகும் என்பதையும் குளோடியா காட்டிவிடுகிறாள். லூயி அவளை மகளாகவும் துணையாகவும் கலந்து பார்க்கும் இடங்கள் எனக்கு அருவருப்பாகவே இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓரிடத்தில் லூயி தேவாலயத்துக்குப் போய்த் தன் பாவங்களைப் பாதிரியாரிடம் சொல்கிறான். சொல்லி முடித்து அவரையே கொல்கிறான். செய்ததற்கு வருந்தி அதை விட்டு விலகுவதுதான் தௌபா என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். லூயி வருந்துகிறான், விடுவதில்லை. அவன் துயரம் அழகாயிருக்கிறது. அந்த அழகில்தான் ஆபத்தும் இருக்கிறது.

இதை றைஸ் தெரிந்தே எழுதியிருக்கிறார் என்பதற்கு முடிவு சாட்சி. இவ்வளவு கொலையையும் தனிமையையும் கேட்டு முடித்த இளைஞன், 'என்னையும் காட்டேரியாக்கு' என்று கெஞ்சுகிறான். தன் கதை வீணாய்ப் போனதென்று லூயிக்கு அப்போதுதான் விளங்குகிறது. சொன்னவன் நரகத்தைச் சொன்னான், கேட்டவன் காதில் மினுக்கம் மட்டும் விழுந்தது.

பிறகு வந்த நாவல்களில் அந்த இளைஞனின் ஆசைதான் வென்றது. 1985இல் வந்த இரண்டாவது நாவலில் லெஸ்டாட் றொக் பாடகனாகி, கதாநாயகனாகிவிடுகிறான். லூயி சொன்னதில் பொய் கலந்திருக்கிறது என்கிறான். சாகாமை ஒரு சாபம் என்ற எண்ணம் தேய்ந்து, அது ஒரு பவிசாகிறது. எழுதியவரே தன் காட்டேரியிடம் மயங்கிவிட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

"இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் பிள்ளைகள் வாசிக்கலாமா, சேர்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பக்குவம் வந்தவர்கள் முதல் நாவலை வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும், அந்த இளைஞன் ஏன் அப்படிக் கேட்டான் என்று அவர்களோடு கதையுங்கள். பாவத்தைப் பற்றிய கதையைக் கேட்டு பாவத்தின் மேலேயே ஆசை கொள்வது அவனுக்கு மட்டும் வந்த வியாதியல்ல.