எடை பார்க்காத மல்லன்

2000 ஆகஸ்ட் 27, ஜப்பானின் செய்பு டோம் அரங்கு. இரண்டாவது சுற்று முடியச் சில விநாடிகளே பாக்கி. பிரேசிலின் ரென்சோ கிரேசி, கசுஷி சகுராபாவின் முதுகுப்பக்கம் ஒட்டிக்கொண்டு இடுப்பைச் சுற்றி இரு கைகளையும் கோத்துப் பிடித்திருக்கிறார். பிடிச்சண்டையில் எதிராளியின் முதுகு கிடைத்துவிட்டால் பாதி ஆட்டம் கைக்கு வந்த மாதிரி. சகுராபா பதறவில்லை. தன் வயிற்றருகே இருந்த ரென்சோவின் மணிக்கட்டை ஒரு கையால் இறுக்கினார். இன்னொரு கையை ரென்சோவின் மேற்கையைச் சுற்றி நுழைத்துத் தன் மணிக்கட்டையே பற்றிக்கொண்டார். பூட்டு விழுந்தது. விழுந்த வேகத்தில் உடம்பை ஒரு சுழற்று சுழற்றித் திரும்பினார். ரென்சோவின் கை போகக் கூடாத பக்கம் போய், முழங்கை மூட்டு நழுவியது. தரையில் சாய்ந்த ரென்சோ, விட்டுவிடு என்று தட்டவே இல்லை. நடுவர் பாய்ந்து வந்து நிறுத்தினார். அடிபட்ட கையோடு ஒலிபெருக்கியை வாங்கிய ரென்சோ சாக்குப்போக்கு எதுவும் சொல்லாமல் சகுராபாவைப் புகழ்ந்துவிட்டுத்தான் இறங்கினார்.

கலப்புச் சண்டையில் சகுராபாவின் மொத்தக் கணக்கு 26 வெற்றி, 17 தோல்வி, ஒரு டிரா, முடிவில்லாமல் போனவை இரண்டு. கபீப் நுர்மகமதோவ் 29 போட்டிகளில் ஒன்றைக்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றதைப் பார்த்த தலைமுறை, இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறது. இவரையா ஒரு காலத்தில் எடைக்கு எடை உலகின் தலைசிறந்த வீரர் என்றார்கள் என்று கேட்கிறது. அந்தப் பதினேழையும் எந்த ஆண்டு, எந்த எடை, எந்த விதி என்று பிரித்துப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் அவற்றில் பாதியையாவது அவரை ரிங்குக்குள் அனுப்பியவர்களின் பெயரில் எழுத வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

சகுராபா 1969-ல் ஜப்பானின் அகிடா மாகாணத்தில் பிறந்தவர். சுவோ பல்கலைக்கழகத்தில் மல்யுத்தம் ஆடிவிட்டு, 1993-ல் யு.டபிள்யூ.எஃப்.ஐ. என்ற தொழில்முறை மல்யுத்த அமைப்பில் சேர்ந்தார். அங்கே மேடையில் நடப்பவை முடிவு பேசிவைத்த ஆட்டங்கள். பயிற்சி மட்டும் அப்படி அல்ல. இங்கிலாந்தின் விகன் ஊரில் பழைய ‘கேட்ச்’ மல்யுத்தம் கற்ற பில்லி ராபின்சன் அங்கே பயிற்சியாளராக இருந்தார். கையை மடக்கி முறுக்கும் அந்தப் பூட்டை சகுராபா அவரிடம்தான் மெருகேற்றிக்கொண்டார்.

அந்தக் கூட்டத்துக்கு அப்போது பெரிய அவமானம் நேர்ந்திருந்தது. 1994 டிசம்பரில் சகுராபாவின் மூத்த வீரர் யோஜி அன்ஜோ, லாஸ் ஏஞ்சலிஸில், ரென்சோவின் அதே ஜியு-ஜிட்சுக் குடும்பத்தைச் சேர்ந்த ரிக்சன் கிரேசியின் பயிற்சிக்கூடத்துக்கே போய்ச் சவால் விட்டு, முகம் வீங்கித் திரும்பினார். 1997 அக்டோபரில் டோக்கியோ டோமில் அவர்களின் தலைவர் நொபுஹிகோ தகடாவே ரிக்சனிடம் ஐந்து நிமிடம்கூடத் தாங்காமல் பணிந்தார். மறு ஆண்டு மீண்டும் மோதி மீண்டும் தோற்றார். தொழில்முறை மல்லர்கள் வெறும் வேஷக்காரர்கள் என்ற பேச்சு ஜப்பான் முழுக்கப் பரவியது. ஜப்பானியருக்கு அந்த மேடை மல்லர்கள் வெறும் பொழுதுபோக்கு ஆட்கள் அல்ல. அதனால் இந்தப் பேச்சு ஆழமாகச் சுட்டது.

அதைத் துடைக்க சகுராபாவுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பே குளறுபடியில் தொடங்கியது. 1997 டிசம்பரில் யோகோஹாமாவில் யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டை அமைப்பின் போட்டி. காயம்பட்ட வேறொருவருக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் வந்தவர் இவர். எதிரே, இவரைவிட 20 கிலோவுக்கும் மேல் கூடுதலான மார்க்கஸ் சில்வேரா. குத்துகளுக்கு நடுவே காலைப் பிடிக்கச் சகுராபா குனிந்ததை, அடிபட்டுச் சரிந்ததாக நினைத்து நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். சகுராபா கூண்டை விட்டு வெளியேற மறுத்து நின்றார். பதிவைப் போட்டுப் பார்த்த நடுவர் தன் முடிவை ரத்து செய்தார். மற்ற அரையிறுதியில் வென்றவர் கையில் காயத்தோடு விலகிவிட, அதே இரவில் இருவரும் மறுபடி மோதினார்கள். நான்கு நிமிடத்துக்குள் கைப்பூட்டு போட்டு சில்வேராவைப் பணியவைத்தார் சகுராபா. தொழில்முறை மல்லர்கள் உண்மையிலேயே வலிமையானவர்கள் என்று அன்று அவர் ஒலிபெருக்கியில் சொன்ன வாக்கியம், ஜப்பானிய ரசிகர்களுக்கு இன்றும் மனப்பாடம்.

அதன் பிறகு ஜப்பானின் பிரைடு சண்டை அமைப்பில் நடந்தது கிரேசி குடும்பத்தோடு நடந்த கணக்குத் தீர்ப்பு. 1999 நவம்பரில் ராய்லர் கிரேசி. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: ராய்லர் சகுராபாவைவிடப் பத்துக் கிலோவுக்கும் மேல் மெலிந்தவர். அன்று எடை சகுராபாவின் பக்கம் இருந்தது. ராய்லர் தட்டாமலே நடுவர் நிறுத்தியதைக் கிரேசிகள் ஏற்கவில்லை. எனவேதான் 2000 மே 1 அன்று ராய்ஸ் கிரேசியோடு நடக்கவிருந்த மோதலுக்கு அவர்கள் தனி விதிகள் கேட்டார்கள். 15 நிமிடச் சுற்றுகள், எத்தனை சுற்று என்ற வரம்பு கிடையாது, நடுவர் நிறுத்தக் கூடாது.

அந்த விதி தன்னை முடித்துவிடும் என்று அஞ்சியிருக்க வேண்டிய சகுராபா, அதில் விளையாடித் தீர்த்தார். ராய்ஸ் அணிந்திருந்த ஜியு-ஜிட்சு அங்கியையே அவருக்கு எதிரான பிடிமானமாக மாற்றினார். கால்சட்டையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். இரண்டு கைகளையும் தூக்கிக் கழுத்தின் இருபுறமும் வெட்டுவது போல இறக்கும் மேடை மல்லர்களின் அடியை நிஜச் சண்டையில் இறக்கினார். இதெல்லாம் கோமாளித்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. ஒவ்வொரு குறும்புக்கும் பின்னால் ராய்ஸின் கவனத்தை மேலே இழுத்துவிட்டுக் காலில் உதைக்கும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆறு சுற்று, 90 நிமிடம். கால் தாங்காமல் போன ராய்ஸ் ஏழாவது சுற்றுக்கு எழவில்லை; அண்ணன் ரோரியன் தோல்வியை ஒப்புக்கொண்டு துண்டை வீசினார். ஓரத்தில் தந்தை ஹீலியோ உட்கார்ந்திருந்தார். 1951-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் மசஹிகோ கிமுரா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் ஹீலியோவின் கையை முறித்தது ஒரு பூட்டால்தான். கிரேசிகள் அந்தப் பூட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ராய்லரும் ரென்சோவும் மாட்டியது அதே பூட்டில்தான்.

அந்த 90 நிமிடத்தோடு இரவு முடியவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அது காலிறுதி முதல் இறுதி வரை ஒரே நாளில் முடிக்கும் தொடர். சிறிது ஓய்வுக்குப் பின் அவரை உக்ரைனின் இகோர் வொவ்சான்சினுக்கு எதிரே நிறுத்தினார்கள். நூறு கிலோவுக்கும் மேல் எடை, இடி போன்ற குத்து. சகுராபாவோ 85 கிலோவைத் தாண்டாத உடம்பு. 15 நிமிடச் சுற்று முழுவதும் தாக்குப்பிடித்தார். அடுத்த சுற்றுக்கு முன் அவருடைய ஆட்களே துண்டை வீசினார்கள். ஆவணத்தில் அது ஒரு தோல்வி. சகுராபாவின் வாழ்க்கையில் வேறு யாரும் அவருக்கு அவ்வளவு நல்லது செய்ததில்லை என்பேன்.

ஏனென்றால் பிறகு யாரும் நேரத்தில் துண்டு வீசவில்லை. 2001 மார்ச்சில் பிரைடு தன் விதியை மாற்றியது. தரையில் இருப்பவரின் தலையில் காலால் உதைக்கலாம், முழங்காலால் இடிக்கலாம் என்றானது. சகுராபாவின் ஆட்டமே குனிந்து காலைப் பிடித்துத் தொடங்குவது. விதி மாறிய முதல் நிகழ்ச்சியிலேயே, இவரைவிடக் கனமான, அடித்து நொறுக்கப் பிறந்த வாண்டர்லே சில்வாவை எதிரே விட்டார்கள். 98 விநாடியில் முடிந்தது. நவம்பரில் மறுபடி அதே சில்வா. தோள் எலும்பு முறிவு. 2003-ல் மூன்றாம் முறை, மயங்கி விழுந்தார். நடுவில் 2002 ஆகஸ்டில் சுமார் நூறு கிலோ எடையுள்ள கிக்பாக்ஸர் மிர்கோ குரோ காப்; கண்குழி எலும்பு உடைந்தது. அவருடைய தோல்விகளில் மிகப் பெரும்பாலானவை அந்த 2001 மார்ச்சுக்குப் பிறகு வந்தவை.

அவரும் மறுத்திருக்கலாம் என்று சொல்வார்கள். சொல்லலாம்தான். எதிராளி யார் என்று கேட்காமல் ஏறுவதுதான் அவர் கற்ற மேடையின் மரபு. அரங்கை நிரப்பியதும் அந்தக் குணம்தான். அந்தக் குணத்துக்கு வேலி போட வேண்டியவர்கள் ஏற்பாட்டாளர்கள். ரசிகர் கூட்டத்தை இழுக்கும் ஒரே முகத்தை, காயம் ஆறுவதற்குள் மறுபடி மறுபடி ரிங்குக்குள் தள்ளியதை நான் வியாபாரத் தவறு என்று சுருக்கிச் சொல்ல மாட்டேன். அது கொடுமை.

இத்தனைக்கு நடுவிலும் அவர் திறமை மங்கிவிடவில்லை. 2001 ஜூலையில், தன்னைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி அறைந்த இளம் குவின்டன் ஜாக்சனைக் கழுத்துப் பூட்டில் பணியவைத்தார். 2003 இறுதியில் கெவின் ராண்டில்மேன் மூன்றாம் சுற்றில் கைப்பூட்டில் மாட்டினார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளை நீட்டி எழுத மனமில்லை. 2007-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ராய்ஸ் புள்ளிகளில் வென்றார், பின்னர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார். 2010 கடைசி நாளில் மாரியுஸ் சரோம்ஸ்கிஸோடு மோதியபோது சகுராபாவின் காது கிழிந்து தொங்கியது. 2015 டிசம்பரில், 46 வயதில், ஷின்யா ஆவோகியிடம் கடைசியாகத் தோற்றார்.

2017-ல் யு.எஃப்.சி. தன் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு அவர் ‘குவின்டெட்’ என்ற பிடிச்சண்டைத் தொடரைத் தானே தொடங்கினார். அணிக்கு ஐந்து பேர். வென்றவர் அடுத்த எதிராளியோடு தொடர்ந்து ஆட வேண்டும். குத்தும் உதையும் கிடையாது. ஐவரின் மொத்த எடைக்கு உச்சவரம்பு வைத்தார். மோதும் இருவருக்கும் இடையே எடை வித்தியாசம் 20 கிலோவைத் தொட்டால், எட்டு நிமிட ஆட்டத்தை நான்காகக் குறைத்தார். சிறியவன் தாங்க வேண்டியது நான்கே நிமிடம். தாங்கிவிட்டால் ஆட்டம் சமன், இருவருமே வெளியே.