கைநூல் வளர்த்த அச்சம்

லினக்ஸ் பணிசெயல் முறைமையில் எழுமாற்று எண்களைப் பெறுதற்கு 'றண்டம்', 'யூறண்டம்' என இரு வாயில்கள் உள. இவற்றை விளக்கிய கைநூற் பக்கம் நெடுங்காலமாக வீண் அச்சமொன்றை வளர்த்து வந்தது. யூறண்டம் தரும் எண்கள் கோட்பாட்டளவில் தாக்குதலுக்கு உட்படலாம் என்றது. அத்தகைய தாக்குதலுக்கான வழி வெளியான ஆய்வுகளில் இல்லையென்று உடனேயே ஒப்புக்கொள்ளவும் செய்தது! நீண்டகாலத் திறவுகோல்கள் நீங்கலாக அனைத்திற்கும் யூறண்டமே ஏற்றது என்ற அறிவுரையும் அதே பக்கத்திற்றான் இருந்தது. ஆயினும் வாசகர் மனத்திற் பதிந்தது ஐயமே.

விளைவு அற்பமன்று. பாதுகாப்பை நாடி றண்டத்தைத் தெரிந்த நிரல்கள், கேர்ணல் கணித்த எந்திரப்பி குறைந்தபோதெல்லாம் எண் கிடையாது காத்துக் கிடந்தன. இத்தனைக்கும் அந்நாளில் இரு வாயில்களும் ஒரே படிமுறையாலேயே எண்களை ஆக்கின.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. கணினி தொடங்கும் முதற் கணங்களில், போதிய வித்துச் சேருமுன்னரே யூறண்டம் எண்களைத் தந்துவிடும். பக்கம் அழுத்தியுரைத்திருக்க வேண்டியது இதனையே. 2014இல் வெளிவந்த 3.17ஆம் பதிப்பின் 'கெற்றண்டம்' என்னும் அழைப்பு இக்குறையை நீக்கிற்று. 2020இன் 5.6ஆம் பதிப்பிலிருந்து, தொடக்கம் நிறைவுற்றபின் றண்டமும் காத்திருப்பதில்லை. திருத்தப்பெற்ற பக்கமோ இப்போது றண்டத்தையே பழங்கால இடைமுகம் என்கிறது.